ஏடிபி எங்கே செலவாகிறது?

இரத்த வங்கியின் குளிர்பெட்டியில் 4 டிகிரியில் கிடக்கும் சிவப்பணுப் பையில் நாளுக்கு நாள் ஒரு மாற்றம் நடக்கிறது. அணுக்களுக்குள் இருந்த பொட்டாசியம் வெளித் திரவத்துக்குக் கசிகிறது. வெளியே இருந்த சோடியம் உள்ளே புகுகிறது. பச்சிளங்குழந்தைக்குப் பழைய பையிலிருந்து நிறைய இரத்தத்தை வேகமாக ஏற்ற நேர்ந்தால், பொட்டாசியம் ஏறிவிடுமோ என்று மருத்துவர்கள் கவலைப்படுவது இதனால்தான். அதே அணுக்களை உடல் வெப்பத்துக்குக் கொண்டுவந்து குளுக்கோஸும் கொடுத்தால், வெளியே போன பொட்டாசியம் மெல்ல மெல்லத் திரும்ப உள்ளே ஏறும். 1940களின் தொடக்கத்திலேயே இது தெரிந்துவிட்டது.

சவ்வு எப்போதும் ஒழுகிக்கொண்டேதான் இருக்கிறது. உடல் சூட்டில் அந்த ஒழுகல் கண்ணுக்குத் தெரியாததற்குக் காரணம், ஏதோ ஒன்று ஓயாமல் எதிர்த்திசையில் இறைத்துக்கொண்டிருப்பது. குளிரில் இறைப்பு நிற்கிறது, ஒழுகல் தொடர்கிறது. இறைப்பதற்குத் தீனி சர்க்கரை. இதுவரை யாருக்கும் சந்தேகமில்லை. அந்தத் தீனியின் ஆற்றல் எப்படி ஒரு திசையாக மாறுகிறது என்பதில்தான் 70 ஆண்டுகளாக வேலை நடக்கிறது. வேதிவினை என்பது சோதனைக்குழாயில் திசை தெரியாமல் நடப்பது. செல் ஆற்றலுக்குச் செலவழிக்கும் ஏடிபி மூலக்கூறு ஒரு பாஸ்பேட்டை இழந்து உடைகையில் அதற்கு உள் எது, வெளி எது என்று தெரியாது. சோடியத்துக்கு மட்டும் எப்படித் தெரிகிறது?

அமெரிக்க உடலியலாளர் ராபர்ட் டீன் 1941இல் தசைகளை வைத்து வாதாடும்வரை, செல் சவ்வு சோடியத்தை விடவே விடாது என்பதுதான் பெரும்பாலோர் நம்பிக்கை. உள்ளே விடாவிட்டால் வெளியேற்ற வேண்டிய வேலையும் இல்லை. கதிரியக்கச் சோடியம் கைக்கு வந்ததும் அந்த நம்பிக்கை கவிழ்ந்தது. சோடியம் உள்ளே வருகிறது, ஆனால் சேர்வதில்லை. ஆகவே ஒரு பம்பு இருந்தாக வேண்டும் என்றார் டீன். பெயர் கிடைத்துவிட்டது, பொருள் கிடைக்கவில்லை. 1955இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஹாட்ஜ்கினும் கெய்ன்ஸும் கணவாய் வகை உயிரியின் பருத்த நரம்பிழையில் சயனைடைச் செலுத்தி, சோடியம் வெளியேறுவது குறைவதைக் காட்டினார்கள். 1960இல் அதே கேம்பிரிட்ஜ் வட்டாரம், சயனைடு கொடுத்து முடக்கிய ஊசிக்கணவாய் நரம்பிழைக்குள் ஏடிபியையும் அர்ஜினின் பாஸ்பேட்டையும் ஊசியால் ஏற்றி, நின்றுபோன சோடிய வெளியேற்றத்தை மீண்டும் ஓட வைத்தது. எரிபொருள் எது என்பது அத்தோடு முடிந்தது.

எந்திரத்தைக் கண்டுபிடித்தவரோ பம்பைத் தேடியவரே அல்ல. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜென்ஸ் கிறிஸ்டியன் ஸ்கோ ஒரு மருத்துவர். மரத்துப்போகச் செய்யும் ஊசிமருந்து நரம்பில் எப்படி வேலை செய்கிறது என்பது அவருடைய கேள்வி. கொழுப்புச் சவ்வில் பதிந்த ஒரு நொதி அவருக்கு வேண்டியிருந்தது. கரையோர நண்டுகளின் கால் நரம்புகளை எடுத்து அரைத்து, அதிலிருக்கும் ஏடிபி உடைக்கும் நொதியை அளக்கத் தொடங்கினார். முடிவுகள் ஒருநாள் ஒருமாதிரி, மறுநாள் வேறுமாதிரி வந்தன. மெக்னீசியம் சேர்த்தால் கொஞ்சம் வேலை நடந்தது. அதோடு பொட்டாசியத்தை மட்டும் சேர்த்தால் பெரிதாக ஒன்றும் கூடவில்லை. சோடியத்தைச் சேர்த்தால் சற்றுக் கூடியது. சோடியமும் பொட்டாசியமும் ஒன்றாக இருந்தபோது வேகம் துள்ளி எழுந்தது. சேர்மங்களில் கலந்திருந்த உப்பைப் பற்றி நினைக்காமல் இருந்ததால்தான் முந்தைய முடிவுகள் தாறுமாறாக இருந்தன.

ஒரே நொதியை இரண்டு அயனிகள் சேர்ந்துதான் கிளப்ப முடியும்; அந்த இரண்டும் நரம்பில் எதிரெதிராகக் கடத்தப்படுபவை. இதைவிடத் தெளிவான அடையாளம் வேறு வேண்டாம். ஆனாலும் 1957 கட்டுரையின் தலைப்பில் பம்பு என்ற சொல்லைப் போட ஸ்கோவுக்குத் துணிச்சல் வரவில்லை. புற நரம்பின் ஏடிபியேஸ் ஒன்றின் மீது சில அயனிகளின் தாக்கம் என்று சாதுவாகத் தலைப்பிட்டார். உறுதி வந்தது அடுத்த ஆண்டு வியன்னா மாநாட்டில். அங்கே சந்தித்த அமெரிக்கர் ராபர்ட் போஸ்ட் கேட்டது ஒரே கேள்விதான்: உவபெய்ன் உங்கள் நொதியை நிறுத்துகிறதா? ஆப்பிரிக்க அம்பு நஞ்சிலிருந்து வந்த இந்தப் பொருள் சிவப்பணுவின் பம்பை நிறுத்தும் என்று சுவிட்சர்லாந்தின் ஹான்ஸ் ஷாட்ஸ்மன் 1953இலேயே காட்டியிருந்தார். ஸ்கோவுக்கு அது தெரியாது. ஆய்வகத்துக்குத் தொலைபேசியில் சொல்லிச் சோதிக்க வைத்தார். நிறுத்தியது. 1997இல் வேதியியல் நோபல் பரிசில் பாதி அவருக்கு வந்தது.

இனி கணக்கு. இது பலருக்குச் சலிப்புத் தரும், ஆனால் விவாதத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. பம்பு ஒரு சுற்றில் 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. செலவு ஒரு ஏடிபி. வெளியே சோடியம் 145 மில்லிமோல், உள்ளே 12. பொட்டாசியம் வெளியே 4, உள்ளே 140. சவ்வின் உட்புறம் 70 மில்லிவோல்ட் எதிர்மின் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மோல் சோடியத்தைச் செறிவுக்கு எதிராக ஏற்ற 6.4 கிலோஜூலும், மின்னழுத்தத்துக்கு எதிராக ஏற்ற 6.8 கிலோஜூலும் ஆகும். மூன்றுக்குமாக ஏறக்குறைய 40. பொட்டாசியத்துக்கு மின்னழுத்தம் துணை நிற்பதால் இரண்டுக்கும் சேர்த்து 5 போதும். மொத்தம் 45. உயிருள்ள செல்லில் ஒரு மோல் ஏடிபி உடைவதால் கிடைப்பது 50 முதல் 60 கிலோஜூல். ஐந்தில் நான்கு பங்கு வேலையாகிவிடுகிறது. எண்கள் திசுவுக்குத் திசு கொஞ்சம் மாறும், கதை மாறாது.

இவ்வளவு சிக்கனமாக ஓடும் எந்திரம், எடுத்த எடுப்பில் ஏடிபியை வெடித்து அந்த உதைப்பில் அயனியைத் தூக்கி எறிவதாக இருக்க முடியாது. அப்படி எறிந்தால் பெரும்பகுதி வெப்பமாகப் போயிருக்கும். இன்னொன்று: இது பின்னோக்கியும் ஓடும். 1960களின் நடுவில் கராஹனும் கிளினும் சிவப்பணுக்களில் அயனிச் சரிவைத் தலைகீழாகச் செங்குத்தாக்கி, பம்பைப் பின்னோக்கி ஓடவிட்டு ஏடிபி உண்டாவதைக் காட்டினார்கள். பின்னோக்கி ஓடக்கூடிய ஒன்றில் எங்கோ ஓரிடத்தில் வெடி வைத்திருக்கிறது என்று சொல்வது பொருந்தாது.

பிறகு எப்படித்தான் நடக்கிறது? வேன் ஆல்பர்ஸும் போஸ்டும் 1960களில் தனித்தனியே எட்டிய சுற்றுவழிதான் இன்றும் அடிப்படை. நொதிக்கு இரண்டு முகங்கள், இ1, இ2. இ1இல் அயனிக் குழி செல்லின் உட்பக்கம் திறந்திருக்கும், சோடியத்தைப் பிடிக்கும். மூன்று சோடியம் நிறைந்ததும் ஏடிபியின் கடைசி பாஸ்பேட், நொதியின் ஓர் ஆஸ்பார்டிக் அமிலத்தின் மீது ஏறி உட்காரும். உள்வாய் மூடும். சில கணம் சோடியம் உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல் நொதியின் நடுவே சிறைப்பட்டிருக்கும். பிறகு நொதி இ2ஆகத் திரும்ப, வெளிவாய் திறக்கும். குழிக்குச் சோடியத்தின் மேல் இருந்த பற்று போய்விடும். சோடியம் விலக, பொட்டாசியம் இரண்டு வந்து அமரும். அமர்ந்ததும் வெளிவாய் மூடும், பாஸ்பேட் கழன்றுகொள்ளும். புதிய ஏடிபி வந்து ஒட்டினால் உள்வாய் விரைந்து திறந்து பொட்டாசியம் உள்ளே இறங்கும். இப்படி விநாடிக்குச் சுமார் 100 முறை.

கால்வாயில் படகைக் கீழ்மட்டத்திலிருந்து மேல்மட்டத்துக்கு ஏற்றும் இரட்டை மதகை நினைத்துக்கொள்ளலாம். இரண்டு மதகும் ஒரே நேரத்தில் திறந்தால் நீர் முழுவதும் கீழே போய்விடும். எந்த மதகை எப்போது திறப்பது என்ற ஒழுங்கில்தான் எல்லாம் இருக்கிறது.

சுற்றுவழியை உற்றுப் பார்த்தால் ஒன்று தெரியும். பாஸ்பேட் ஏற வேண்டுமானால் சோடியம் உட்கார்ந்திருக்க வேண்டும். பாஸ்பேட் இறங்க வேண்டுமானால் பொட்டாசியம் உட்கார்ந்திருக்க வேண்டும். நுழைவுச் சீட்டு இல்லாமல் அடுத்த படிக்கு அனுமதி இல்லை. ஆல்பர்ஸ்-போஸ்ட் சுற்றின் உண்மையான சாரம் இந்த இரண்டு விதிகள்தான் என்பது என் கருத்து. பாடநூல்களில் ஏடிபியிலிருந்து ஒரு வளைந்த அம்புக்குறி வந்து அயனியைத் தள்ளுவதுபோல் வரையும் படம் பல தலைமுறை மாணவர்களைக் குழப்பியிருக்கிறது.

விதிகளே சாரம் என்ற பார்வைக்கு வலு சேர்த்த சோதனை சோடியப் பம்பில் நடக்கவில்லை. அதன் உறவுக்காரரான தசைக் கால்சியப் பம்பில் நடந்தது. தசை சுருங்கியபின் வெளிவந்த கால்சியத்தைத் திரும்பச் சேமிப்பறைக்குள் அனுப்புவது இது. ஒரு ஏடிபிக்கு இரண்டு கால்சியம். 1970களின் தொடக்கத்தில் பால் போயரும் கனஸாவாவும், கால்சியம் இல்லாத நிலையில் இந்த நொதி ஏடிபியே இல்லாமல் வெறும் பாஸ்பேட்டைத் தன் மேல் ஏற்றிக்கொள்வதைக் கண்டார்கள். 1975இல் நோல்ஸும் ரேக்கரும் இன்னும் ஒரு படி போனார்கள். பிரித்தெடுத்த நொதி, அதில் உள் வெளி என்ற பிரிவே இல்லை, அயனிச் சரிவும் இல்லை. அப்படிப் பாஸ்பேட் ஏறிய நொதிக்குக் கால்சியத்தையும், ஏடிபி உடைந்தபின் மிஞ்சும் இரட்டைப் பாஸ்பேட் மூலக்கூறையும் சட்டென்று சேர்த்தார்கள். ஏடிபி உருவானது. கால்சியம் வந்து உட்கார்ந்த அந்த ஒட்டுதலே, சப்பையாகக் கிடந்த பாஸ்பேட்டை அந்த மிஞ்சிய மூலக்கூறுக்குக் கொடுத்து ஏடிபியாக்கும் தரத்துக்கு உயர்த்திவிட்டது.

இதிலிருந்து வில்லியம் ஜெங்க்ஸ் எடுத்த முடிவு எனக்கு இந்தத் துறையிலேயே மிக அழகான வாதமாகப் படுகிறது. ஆற்றல் எந்தப் படியில் மாற்றப்படுகிறது என்று தேடாதீர்கள், அப்படி ஒரு படி இல்லை என்றார் அவர். பாஸ்பேட் பெறுவதும் அயனி பெறுவதும் ஒன்றையொன்று இறுகவோ தளரவோ செய்கின்றன. ஆற்றல் பல படிகளில் சில்லறையாகப் பரவிக் கிடக்கிறது. திசையைத் தருவது விதிகளின் வரிசை. போயரும் இதே காலத்தில் மைட்டோகாண்ட்ரியாவின் ஏடிபி ஆக்கும் நொதி பற்றி இதேபோன்ற ஒன்றைச் சொல்லியிருந்தார்: ஆற்றல் தேவைப்படுவது ஏடிபியை உண்டாக்குவதற்கு அல்ல, உண்டானதைக் கையை விட்டு விடுவிப்பதற்கு.

கண்ணால் பார்க்க 2000ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜப்பானின் சிக்காஷி தோயோஷிமா குழு முயல் தசையிலிருந்து எடுத்த கால்சியப் பம்பின் படிக அமைப்பை 0.26 நானோமீட்டர் துல்லியத்தில் வெளியிட்டது. இரண்டு ஆண்டில் கால்சியம் இல்லாத முகமும் வந்தது. முதல் அதிர்ச்சி, தூரம். பாஸ்பேட் ஏறும் இடம் செல்லின் உட்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் தலைப்பகுதியில். கால்சியம் உட்காரும் இடம் சவ்வின் நடுவே. இடைவெளி 5 நானோமீட்டருக்கு மேல். பாஸ்பேட்டும் அயனியும் ஒன்றையொன்று தொடவே முடியாது. ஆகவே நேரடியாகத் தள்ளுவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

தலைப்பகுதி மூன்று மடல்களாக இருக்கிறது. ஒன்று ஏடிபியைப் பிடிக்கிறது, ஒன்று பாஸ்பேட்டைச் சுமக்கிறது, மூன்றாவது கைப்பிடிபோல் திரும்புகிறது. பாஸ்பேட் ஏறியபின் இந்த மூன்றாவது மடல் ஏறக்குறைய 90 பாகை சுழல்கிறது. அது சவ்வுக்குள் இறங்கும் சுருள்களோடு இணைந்திருப்பதால், சுழற்சி அவற்றை இழுத்தும் அழுத்தியும் சாய்க்கிறது. கீழே ஒரு மதகு மூடி மற்றது திறக்கிறது. சோடியப் பம்பின் படிக அமைப்பு 2007இல் ஆர்ஹுஸிலிருந்தே, பௌல் நிஸன் குழுவிடமிருந்து வந்தது, பன்றிச் சிறுநீரகத்திலிருந்து. 2009இல் தோயோஷிமா குழு சுறாமீனின் உப்புச் சுரப்பியிலிருந்து எடுத்ததை இன்னும் துல்லியமாகக் காட்டியது. அடிப்படை அச்சு ஒன்றே.

மதகு என்பது வெறும் உவமை இல்லை என்று மெய்ப்பித்தது ஒரு நஞ்சு. ஹவாய்த் தீவுகளின் பவள உறவினமான ஓர் உயிரியிலிருந்து 1971இல் பிரித்தெடுத்த பாலிடாக்சின், சோடியப் பம்பில் ஒட்டினால் இரண்டு வாய்களும் ஒரே நேரத்தில் திறந்துவிடுகின்றன. டேவிட் காட்ஸ்பியும் பாப்லோ ஆர்டிகாஸும் 2003 வாக்கில் இதை மின்னோட்டமாக அளந்து காட்டினார்கள். விநாடிக்குச் சில நூறு அயனிகளை நகர்த்தும் பம்பு, இலட்சக்கணக்கில் விடும் வாய்க்காலாக மாறிவிடுகிறது. அயனிகள் ஓடுவதோ மேட்டிலிருந்து பள்ளத்துக்கு. ஒரு வாயைப் பூட்டும் ஒழுங்கு கெட்டதும் பம்பு என்ற ஒன்றே இல்லாமல் போகிறது.

இதுவரை பேசியது ஒரு குடும்பத்தைப் பற்றி, பி-வகை. பாஸ்பேட்டைத் தன்மேல் சுமந்துகொள்வது அதன் குலக்குறி. இயற்கை இதே வேலைக்கு முற்றிலும் வேறொரு வழியும் வைத்திருக்கிறது, சுழலும் எந்திரம். ஜான் வாக்கர் குழு 1994இல் மாட்டு இதயத்திலிருந்து எடுத்த ஏடிபி ஆக்கியின் தலைப்பகுதி அமைப்பை வெளியிட்டபோது, அதன் மூன்று வினைமையங்களும் மூன்று வேறு நிலைகளில் நிற்பது தெரிந்தது. போயர் சொன்ன சுழற்சிக்கு அது ஏறக்குறைய ஒப்புதல். 1997இல் ஜப்பானில் நோஜி, யாசுதா, யோஷிதா, கினோசிதா ஆகியோர் அந்த நொதியைக் கண்ணாடியில் தலைகீழாகப் பதித்து, அச்சில் ஒளிரும் ஆக்டின் இழையை ஒட்டி, ஏடிபி கொடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். இழை கடிகார எதிர்த்திசையில் சுற்றிற்று; ஏடிபி குறைவாக இருந்தால் 120 பாகைக்கு ஒருமுறை நின்று நின்று சுற்றுவது அடுத்த ஆண்டு தெரிந்தது. மூலக்கூறு வேலை செய்வதைப் படம்பிடித்த இந்தக் காணொளியை இன்றும் வகுப்பில் போட்டால் பின்வரிசை நிமிர்கிறது. செல்லின் செரிமானப் பைகளை அமிலமாக்கும் வி-வகை நொதிகள் இதன் பங்காளிகள்: அவை ஏடிபியைச் செலவழித்துச் சுழன்று புரோட்டானை ஏற்றுபவை.

மருந்துக்கடையில் இந்தக் கோட்பாடு எப்படித் தெரிகிறது? இரைப்பையின் பம்பு புரோட்டானை வெளியே விட்டுப் பொட்டாசியத்தை உள்ளே எடுக்கிறது. செல்லுக்குள் pH அளவு 7, இரைப்பைக்குள் 1 வரை. பத்து இலட்சம் மடங்கு. ஒரு மோல் புரோட்டானை அவ்வளவு மேட்டில் ஏற்ற 36 கிலோஜூல் வேண்டும். இரண்டு ஏற்ற 72. ஒரு ஏடிபியால் முடியாது. ஆக, அந்த உச்சத்தில் ஒரு ஏடிபிக்கு ஒரு புரோட்டான்தான் என்று படிகம் பார்க்காமலே காகிதத்தில் சொல்லிவிடலாம். 1988இல் விற்பனைக்கு வந்த ஒமிப்ரசோல் இந்தப் பம்பைக் குறிவைக்கிறது. அது விழுங்கும்போது செயலற்ற பொருள். அமிலம் சுரக்கும் நுண்குழாயில்தான் விழித்துக்கொண்டு நொதியின் சிஸ்டீனோடு நிரந்தரமாகக் கட்டிக்கொள்ளும். ஓடும் பம்பையே அது பிடிக்கிறது. சாப்பாட்டுக்கு அரை மணிநேரம் முன்னால் மாத்திரை போடச் சொல்வதன் பொருள் அது.

சோடியப் பம்பின் மருந்து இன்னும் பழையது. வில்லியம் விதரிங் 1785இல் நரிக்கையுறைச் செடியின் இலையை நீர்கோத்த நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததை நூலாக எழுதினார். அதன் சாரம் இதயத் தசையின் பம்பைக் கொஞ்சம் மட்டுப்படுத்துகிறது. சோடியம் உள்ளே சற்று ஏறுகிறது. சோடியச் சரிவை நம்பிக் கால்சியத்தை வெளியேற்றும் இன்னொரு புரதம் தளர்கிறது. மிஞ்சிய கால்சியம் அடுத்த துடிப்பை வலுவாக்குகிறது. அளவு மீறினால் இதே வழியில் உயிர் போகும். நம் தோட்டத்து அரளியின் நஞ்சும் இதே குடும்பம். இலங்கையில், குறிப்பாக வடக்கில், மஞ்சள் அரளி நஞ்சேறியவர்கள் 1980களிலிருந்து மருத்துவமனைகளுக்குப் பெரும் சுமையானார்கள். ஒரே பம்பு எல்லாச் செல்லிலும் இருப்பதால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறுகிறது, இதயத்தின் தாளம் தப்புகிறது. நரிக்கையுறை இனத்து மருந்தான டிஜாக்சினுக்கு எதிராக ஆட்டில் உண்டாக்கிய எதிர்ப்புப் புரதம் இந்த நஞ்சையும் பிடித்துக் கட்டும் என்பது இலங்கையில் நடந்து 2000இல் லான்செட்டில் வந்த மருத்துவச் சோதனையில் நிலைநாட்டப்பட்டது. விலைதான் எட்டாக்கனி.

இனி இன்னும் தீராதவை. உடலே உவபெய்னைச் சுரந்து பம்பை ஆள்கிறது என்று 1990களில் எழுந்த கருத்துக்கு ஆதரவும் மறுப்பும் இன்றுவரை இருக்கின்றன. மறுப்பின் பக்கம்தான் என் சாய்வு. குடும்பத்தின் எல்லையும் விரிந்துவிட்டது. பி-வகையில் ஒரு கிளை செம்பைக் கடத்துகிறது, அது பழுதானால் வில்சன் நோய். இன்னொரு கிளை அயனியைத் தொடுவதே இல்லை, சவ்வின் கொழுப்பு மூலக்கூறுகளை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் புரட்டுகிறது. பார்க்கின்சன் வகை நோயொன்றோடு தொடர்புள்ள இன்னொன்று பாலிஅமின்களைக் கடத்துவது 2020இல் தெரிந்தது. மதகு அமைப்பு அப்படியே இருக்க, ஏறும் சரக்கு மட்டும் மாறுகிறது. குழி எப்படி இவ்வளவு வேறுபட்ட சரக்கை அடையாளம் காண்கிறது என்பதற்கு ஒவ்வொன்றாகத்தான் விடை வருகிறது.

படிகம் காட்டுவது நின்ற நிலைகளை. நிலைகளுக்கு நடுவே நடப்பதை அல்ல. 2017இல் நிஸன், கியார்கோர் குழு லிஸ்டீரியா நுண்ணுயிரின் கால்சியப் பம்பில் ஒளிரும் குறிகளை ஒட்டி, ஒற்றை மூலக்கூறு திரும்புவதை நேரலையாகப் பார்த்தது. பாஸ்பேட் ஏறியபின்னும் மூலக்கூறு முன்னும் பின்னும் ஊசலாடுகிறது. கால்சியம் வெளியே விழுந்த பிறகுதான் திரும்பிப் பார்க்காத கட்டம் வருகிறது. இதைக் கொண்டு ஜெங்க்ஸ் தவறு, ஆற்றல் செலவாகும் படி கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்று சிலர் வாசிக்கக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தச் சோதனையில் வெளியே கால்சியம் ஏறக்குறைய இல்லை. விழுந்தது திரும்பி ஏற வாய்ப்பில்லை. வெளியே கால்சியத்தை நிறைத்து வைத்தால் அதே படி மீளக்கூடியதாகிவிடும், கராஹனும் கிளினும் சிவப்பணுவில் கண்டதுபோல. எது மீளாப் படி என்பதைச் செறிவுகள் தீர்மானிக்கின்றன. செல்லில் உண்மையில் இருக்கும் செறிவிலும் மின்னழுத்தத்திலும் இதே அளவீட்டைச் சோடியப் பம்பில் செய்ய வேண்டும். இரண்டு அயனிகளையும் மின்னழுத்தத்தையும் ஒரே நேரத்தில் கையாள வேண்டியிருப்பதால் அது கடினமான வேலை.